காவாப் பக்கத்துக் கை

மாம்பழச் சாறு காய்ந்த சிமெண்ட் தரையில் கூடைப்பந்தைத் தட்டினால் ஒரு சத்தம் வரும். விழும்போது எல்லாப் பந்தும் போல "தப்" என்றுதான் விழும். எழும்பும்போது மட்டும் தரை அதைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து, விட மனமில்லாமல் விடுவதுபோல் "ப்ச்" என்று கேட்கும். நாலு தட்டு தட்டுவதற்குள் உள்ளங்கையில் பிசுபிசுப்பு ஏறிவிடும், பந்தின் மேல் ஈ உட்காரும், வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் புளித்த மாம்பழ வாசனை கையை விட்டுப் போகாது. சித்தூரை ஒட்டிய ஒரு மாம்பழக் கூழ் யூனிட்டின் பின்பக்க முற்றத்தில்தான் நான் கூடைப்பந்து கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை.

இப்போது திருப்பதியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வளாகத்தில் நீலமும் சிவப்பும் பூசிய ஒரு கூடைப்பந்துத் தளம் இருக்கிறது. வாரம் முழுவதும் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்து இடுப்பு ஒடிந்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பிள்ளைகளோடு ஆடப் போய்விடுவேன். பெற்றோர்கள் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். எந்த ஷூ வாங்க வேண்டும், எந்த அகாடமியில் சேர்க்க வேண்டும், பால் எத்தனை தம்ளர், தொங்கினால் உயரம் வருமா. நான் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். பிள்ளையை நாளை முதல் இடது கையால் பல் விளக்கச் சொல்லுங்கள் என்பேன். தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்து அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த பயிற்சி முழுவதும் அந்த ஒரு மாம்பழ சீசனில் வந்ததுதான், அதை இங்கே முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

என் நைனா அந்த யூனிட்டில் ஹமாலி வேலை பார்த்தார். லாரியில் வரும் மாம்பழத்தை இறக்குவது, பழம் நிரப்பிய பிளாஸ்டிக் "கிரேட்டு"களை அடுக்குவது, சீசன் இல்லாத மாதங்களில் கட்டட வேலை, கழனி வேலை, எது கிடைக்கிறதோ அது. கார்வேட்டிநகரம் பக்கத்தில் சொந்த ஊர். சொந்த ஊரில் சொந்தமாக ஒரு சாண் மண் இல்லாததால் சித்தூருக்கு வந்தவர். அம்மா அதே யூனிட்டில் பழம் பிரிக்கும் வரிசையில் நிற்பாள். எங்கள் வீடு யூனிட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு, அதைத் தள்ளினால் முற்றம். கூழ் எடுக்கும் இடங்களில் தரையைச் சமமாகப் போடமாட்டார்கள். நாள் முழுவதும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக ஒரு பக்கம் சரித்துத்தான் போடுவார்கள். எங்கள் முற்றம் இடது பக்கமாகச் சரிந்து, அந்த ஓரத்தில் ஓடும் திறந்த வடிகாலில் போய் முடியும். அந்த வடிகாலை நாங்கள் "காவா" என்போம். தோலும் நாரும் மஞ்சள் தண்ணீரும் அதில் மிதந்து போகும்.

அந்த முற்றத்தின் கோடியில், காலி டின் வைக்கும் கொட்டகைச் சுவரில், ஒரு கூடைப்பந்து வளையம் இருந்தது. முதலாளியின் மகன் பெங்களூரில் படிக்கிறபோது லீவுக்கு வந்து மாட்டியது. அவர் வெளிநாடு போய்விட்டார், வளையம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்று உண்டானதற்கும் அந்த வளையம்தான் காரணம். எங்கள் பி.இ.டி. சாருக்குக் கபடிதான் உயிர், கூடைப்பந்தில் அவருக்குத் தெரிந்தது விசில் ஊதுவது மட்டும். ஆனாலும் நல்ல மனிதர். பள்ளிக்கூடத்துப் பந்தை என்னிடமே கொடுத்து, வீட்டில் வைத்துக்கொள், காற்று போனால் சைக்கிள் கடையில் அடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கபடிக்குப் போய்விட்டார்.

ஆக, எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சொல்லிக்கொடுத்தது தரைதான், அது பாதிதான் சொல்லிக்கொடுத்தது. வளையத்தைப் பார்த்து நின்றால் சரிவு இடது பக்கம். வலது கையால் தட்டினால் சரிவே பந்தை நம் காலடிக்குத் திருப்பி அனுப்பிவிடும், பிடிப்பதற்கு மெனக்கெட வேண்டாம். இடது கையால் தட்டினால் பந்து நம்மை விட்டு விலகி நேராகக் காவாவுக்குப் போகும். போனால் யார் எடுப்பது என்று சண்டை, எடுத்த பந்தைக் கழுவுவது யார் என்று இன்னொரு சண்டை. அதனால் ஒருத்தியும் இடது கையைப் பந்தின் மேல் வைப்பதில்லை. எல்லோரும் வலது பக்கமாகவே ஓடினோம், வலது கையாலேயே தட்டினோம், வலது பக்கமிருந்தே எறிந்தோம். அதில் எங்களுக்கு நல்ல வேகமும் வந்தது. அந்த வேகத்தைப் பார்த்து நாங்களே மயங்கிக் கிடந்தோம்.

இதற்கு மேல் வீட்டில் நைனா. இடது கையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான், அதில் விலக்கே கிடையாது. "பீச்சாங்கை"யால் ஒரு பொருளைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. தீப்பெட்டியாக இருந்தாலும் சரி, செருப்பாக இருந்தாலும் சரி. அவர் அடிக்கமாட்டார், திட்டவும் மாட்டார். இடது கையால் எதையாவது நீட்டினால், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, நாம் கை மாற்றும் வரை அப்படியே நிற்பார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். வீட்டில் அந்தப் பழக்கம், முற்றத்தில் அந்தச் சரிவு, இரண்டும் சேர்ந்து என் இடது கை பதினான்கு வயது வரைக்கும் ஊறுகாய் ஜாடியைப் பிடித்துக்கொள்ள மட்டும் பயன்பட்டது.

ஒன்பதாவது படிக்கும்போது, சங்கராந்தி லீவு முடிந்த கையோடு, திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தோடு எங்களுக்கு ஆட்டம் வைத்தார்கள். பெரிய தனியார் பள்ளி, தண்ணீர் விட்டால் நின்ற இடத்தில் நிற்கும் அவ்வளவு சமமான தளம். முதல் கொஞ்ச நேரம் எங்கள் வேகத்தைப் பார்த்து அவர்கள் திணறினார்கள். பிறகு அவர்களின் கேப்டன், எண்ணெய் வழியப் பின்னிய இரட்டைச் சடை, என்னை விட ஒரு தலை உயரம், தன் ஆட்களைக் கூப்பிட்டுத் தெலுங்கில் ஒரு வாக்கியம் சொன்னாள். "வாள்ளகி எடம செய்யி லேது." இவர்களுக்கு இடது கை கிடையாது என்று அர்த்தம். அதன் பிறகு அவர்கள் ஐந்து பேரும் எங்களின் வலது பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். இடது பக்கம் முழுதும் திறந்து கிடந்தது, ஒருத்திக்கும் அந்தப் பக்கம் போகத் தெரியவில்லை. நான் ஒரே ஒரு முறை முயன்றேன், பந்து என் இடது முழங்காலில் பட்டு பார்வையாளர்களிடம் போனது. ஒரு பெரியவர் அதை எடுத்து என்னிடம் நீட்டினார், நான் மரியாதையாக வலது கையால் வாங்கிக்கொண்டேன்.

தோற்றது எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் அதைவிட அந்த வாக்கியம்தான் வலித்தது. ஏதோ எங்களுக்குப் பிறவியிலேயே ஒரு கை குறைந்ததுபோல் அல்லவா சொல்லிவிட்டாள். வீட்டில் வேறு ஒன்று காத்திருந்தது. சாயங்காலம் முழுக்கப் பந்தோடு திரிந்தால் பத்தாவது பாஸ் ஆவது எப்படி என்று அம்மா பேச்சைத் தொடங்கிவைக்க, நைனா சோற்றில் கை வைத்தபடியே முடித்துவைத்தார்.

"மழைக்காலத்துல ஜில்லா டீமுக்கு ஆளு எடுப்பாங்கன்னு சொல்றியே, அதுல உன் பேரு வந்தா ஆடு. வரலன்னா அந்தப் பந்த எடுத்துகினு போயி இஸ்கூல்ல குட்துட்டு வந்துடு. அப்பால அந்தப் பேச்சே வாணா."

நைனா ஒரு பேச்சு பேசினால் அதுதான் பேச்சு. அதற்குப் பிறகு எனக்கு இருந்தது கோடையும் மாம்பழ சீசனும் மட்டும். அந்தப் பந்து என் தலைமாட்டில்தான் இருக்கும், சில நாள் அதன் மேல் கை வைத்துக்கொண்டே தூங்குவேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வரும் காட்சியை நினைத்தால் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

கோடை வந்தது, சீசனும் வந்தது. சீசன் என்றால் எங்கள் ஊரில் சும்மா இல்லை; தோதாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டரும் லாரியும் இரவு பகலாக ரோட்டில் வரிசை கட்டி நிற்கும், டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்குவார்கள், ஈக்களுக்குத் திருவிழா. யூனிட்டில் இடம் போதாமல் சூப்பர்வைசர் எங்கள் முற்றத்தில் கை வைத்தார். பழம் நிரப்பிய கிரேட்டுகளை ஈரம் படாமல் மேடான பக்கத்தில் அடுக்கச் சொன்னார். மேடான பக்கம் என்றால் வலது பக்கம். ஓர் ஆளுயரத்துக்கு மேல் கிரேட்டுச் சுவர் எழும்பிவிட்டது, அதை அடுக்கியவர்களில் என் நைனாவும் ஒருவர். எங்களுக்கு மிஞ்சியது கிரேட்டுக்கும் காவாவுக்கும் நடுவில் ஒரு சந்து, சந்தின் கோடியில் வளையம். வலது கையால் தட்டப் போனால் முழங்கை கிரேட்டில் இடிக்கும். அணியில் பாதிப் பேர் அன்றைக்கே கழன்றுகொண்டார்கள். நான் காவா ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அழுகிறவளைப் பார்த்துச் சிரித்தவள் ரமாதேவி. என் வகுப்புத்தான், என் அணிதான், பக்கத்துத் தெரு, வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். அவளுக்கு ஓட்டம் வராது, எம்பிக் குதிக்கவும் வராது, ஆனால் அடுத்தவர்கள் எங்கே தப்பு செய்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் தனி சந்தோஷம். அவள் சந்தை ஒரு பார்வை பார்த்தாள், கிரேட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏமே கோமதி, உனக்கு எந்தக் கை இல்லன்னு அந்தப் பொண்ணு சொன்னா? இந்தச் சந்துல அந்தக் கைய வுட்டா வேற கைக்கு இடமே இல்ல, சூடு, நல்லா பாரு. இன்னாத்துக்கு அழுதுகினு இருக்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருப்பதிக்காரிகள் ஐந்து பேர் வந்து நின்று அடைத்த அதே வலது பக்கத்தைத்தான் சூப்பர்வைசர் கிரேட்டால் அடைத்துவைத்திருந்தார். அவரும் சம்பளம் வாங்காத கோச்சுதான், அவருக்கே தெரியாது. அன்று முதல் ரமாதேவி எனக்கு மேஸ்திரி ஆகிவிட்டாள். இடது கை என்று சொல்லக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. "காவாக் கை, காவாக் கை" என்று டின் கொட்டகை வாசலில் நின்று கத்துவாள்.

முதல் வாரம் பந்து சந்தில் இருந்த நேரத்தைவிடக் காவாவில் இருந்த நேரம்தான் அதிகம். ஓடிக்கொண்டே தட்டினால் நிற்காது என்று கண்டுகொண்டு நின்ற இடத்திலேயே தட்டினேன், அதுவும் முடியாமல் முட்டி போட்டு, பந்தை ஒரு சாண் உயரத்துக்கு மேல் விடாமல் தட்டினேன். உயரம் குறைந்தால் பந்து விலகிப் போக நேரமில்லை என்பது புரிந்தது. பிறகு எழுந்து நின்று, பிறகு நடந்து, பிறகு ஓடி. இப்போதைய பிள்ளைகள் முதல் நாளே ஓட நினைக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்குக் காவாத் தண்ணீர் வாசனை அடிக்கிறது.

தட்டுவது ஒருவழியாக வந்தது, எறிவது வரவில்லை. ஓடிவந்து இரண்டு அடி வைத்து எம்பி, வளையத்துக்குப் பக்கத்தில் பந்தை விடுவதை "லே-அப்" என்போம். வலது கையால் போட இடது காலில் எம்ப வேண்டும், இடது கையால் போட வலது காலில் எம்ப வேண்டும். என் கால்களுக்கு இது தெரியாது. இடது கை பந்தைத் தூக்கும், உடம்பு பழையபடி இடது காலிலேயே எம்பும், நான் சாய்ந்துபோய்க் கிரேட்டில் முட்டுவேன். ரமாதேவி பந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பந்தில்லாமல், மெதுவாக, சாமி ஊர்வலத்தில் நடப்பதுபோல் இரண்டு அடி வைத்து எம்பு என்றாள். அதைப் பார்த்து லாரி டிரைவர்கள் என்னவோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். நாள் கணக்காக அப்படி நடந்தேன். கால் ஒழுங்குக்கு வந்த பிறகுதான் பந்தைத் திருப்பித் தந்தாள், அதையும் வளையத்துக்கு நேர்கீழே நின்று போடு, பத்தில் ஒன்று தவறினாலும் ஓர் அடிகூடப் பின்னால் போகக்கூடாது என்று சட்டம் போட்டாள். களைத்துப்போய் கை கோணத் தொடங்கினால் ஆட்டத்தை நிறுத்திவிடுவாள். தப்பாகப் போட்டுப் பழகுவதற்குப் பதில் போய் மாங்காய் துன்னலாம் என்பாள். அதையும் செய்தோம்.

அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று செய்தாள், அறியாமலேயே. பழம் பிரிக்கும் இடத்தில் அழுகியதை எல்லாம் கழித்து அவள் ஒரு குவியலாகப் போடுவாள், அது குப்பை டிராக்டரின் தொட்டிக்குப் போக வேண்டும். சும்மா நிற்கிற நேரத்தில் நானும் ரமாதேவியும் அதை எடுத்துத் தொட்டியில் எறிவோம், இடது கையால் மட்டும். அழுகிய பழத்தை அழுத்திப் பிடித்தால் விரலுக்குள் பிதுங்கிவிடும். விரல் நுனியில் வைத்து, மணிக்கட்டை மடக்கி, பூப்போல விட வேண்டும். கூடைப்பந்தையும் அப்படித்தான் விட வேண்டும் என்று பிற்பாடு பெரிய கோச்சுகள் சொல்லிக் கேட்டபோது, அழுகிய தோதாபுரிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். தொட்டியில் விழாத பழங்கள் சில அம்மாவின் முதுகில் விழுந்ததும் உண்டு, அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இப்படிச் சாயங்காலம் மட்டும் பழகினால் போதாது, நாள் முழுவதும் காவாக் கைதான் என்று ரமாதேவி கட்டளையிட்டாள். பல் விளக்குவது, தலை வாருவது, வாசல் தெளிப்பது, கதவைத் திறப்பது எல்லாம் இடது கைக்கு மாறியது. சாப்பிடுவது மட்டும் வலது கையால். அதில் கை வைத்தால் வீட்டைவிட்டே துரத்திவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும். கை பழகப் பழக, புத்தியும் பழகிவிட்டது. ஒரு மத்தியானம் லாரி இறக்கிவிட்டு வியர்வையோடு வந்து உட்கார்ந்த நைனாவுக்கு மோர்த் தம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்ணைத் தொலைவில் எங்கேயோ வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். எனக்கும் புரியவில்லை, நீட்டியபடியே நிற்கிறேன். மோரில் ஒரு ஈ விழுந்து செத்த பிறகுதான் எந்தக் கை என்று பார்த்தேன்.

"இன்னா பாப்பா இது. ஊர்ல நாலு பேர் பாத்தா என்னை இன்னா சொல்லுவாங்கோ," என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. எந்த வீட்டிலும் தான் இடது கையால் எதுவும் வாங்கியதில்லை, தனக்கு யாரும் அப்படி நீட்டிவிடக் கூடாது என்பதற்காகவே தான் ஒருவருக்கும் அப்படி நீட்டுவதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அவர் வளர்ந்த ஊரில் அவரைப் போன்றவர்களுக்கு எந்தக் கையால், எவ்வளவு உயரத்திலிருந்து, கூலியைப் போட்டார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அதெல்லாம் தெரியாமல், ஈயை எடுத்துப் போட்டுவிட்டு வலது கையால் நீட்டினேன், அவரும் வாங்கிக் குடித்தார்.

ஆனால் அதே நைனாதான், பந்து காவாவில் விழுந்தால் மூட்டை இழுக்கும் கொக்கியால் அதை இழுத்து எடுத்து, லுங்கியில் துடைத்து, முணுமுணுத்துக்கொண்டே என்னிடம் தருவார். நாள் போகப் போக முணுமுணுப்புக் குறைந்து, கிரேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை தெரிவது அதிகமானது. ஒரு சாயங்காலம் நான் வரிசையாகத் தவறவிட்டபோது, "இன்னைக்கு காலு மாறிப் போச்சி," என்று கிரேட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன், அவர் மும்முரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

சீசன் ஓய்ந்து மழை பிடித்தபோது செலெக்ஷன் வந்தது, அதே திருப்பதியில், ஒரு கல்லூரித் தளத்தில். நானும் ரமாதேவியும் போனோம், நைனா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். பஸ்ஸில் கண்டக்டரிடம் பணத்தை நான் நீட்டினேன், பழகிய கையால். அன்றைக்கு அவருக்கு அதுதான் முதல் டிக்கெட் போலிருக்கிறது, பணத்தைத் தொடாமல் தெலுங்கில் ஒரு பாட்டுப் பாடித் தீர்த்தார். நைனா எழுந்து, குழந்தை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று சமாதானம் சொல்லி, தன் வலது கையால் கொடுத்து டிக்கெட் வாங்கினார். உட்கார்ந்த பிறகு என் காதோரம் சொன்னார்.

"அந்தக் கைய பந்துக்கு மட்டும் வெச்சிக்கோ. பெரிய மனுசங்க இருப்பாங்கோ, இன்னைக்கு ஒரு நாளு அடக்கிகினு இரு."

வந்தவர்களைக் கலந்து அணி பிரித்தார்கள், ரமாதேவி எதிரணிக்குப் போனாள். தளத்தில் இறங்கியதும் அவளோடு வேறு யார் என்று பார்த்தேன். எண்ணெய் வழியும் அதே இரட்டைச் சடை, இப்போது இன்னும் உயரமாக. அவளுக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு புன்னகையோடு வந்து என் வலது பக்கத்தை மறித்து நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே தோன்றவில்லை. கிரேட்டு நிற்கிறது என்றுதான் பட்டது. கிரேட்டு அங்கே இருந்தால் சந்து இங்கே. பந்தை இடது கைக்கு மாற்றி, தாழத் தட்டிக்கொண்டு ஓடினேன், பழகிய தரையில் போவதுபோல் பந்து விலகிப் போகாமல், சமமான தரையில் அது சொன்ன இடத்துக்கே திரும்பி வந்ததில் எனக்கே ஆச்சரியம். இரண்டு அடி, வலது காலில் எம்பினேன், அழுகிய மாம்பழத்தை விடுவதுபோல் விட்டேன். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. ரமாதேவி தன் ஆட்டம் எந்த அணியில் என்பதையே மறந்து "காவாக் கை" என்று கத்தினாள். அடுத்த முறையும் இரட்டைச் சடை அங்கேயே நின்றாள், பழக்கதோஷம். அடுத்த முறையும் விழுந்தது. மூன்றாம் முறை அவள் இடது பக்கம் வந்து நின்றாள், நான் வலது பக்கம் போனேன், அது எனக்குப் பால்குடி காலத்திலிருந்து தெரிந்த பக்கம்.

சாயங்காலம் பெயர் படித்தார்கள். என் பெயர் வந்தது. காதில் வேறெதுவும் விழவில்லை, மேடை வரைக்கும் எப்படிப் போனேன் என்று தெரியாது. செலெக்டர்களில் மூத்தவர், நெற்றியில் நாமம், இஸ்திரி கலையாத சட்டை, மஞ்சள் ஜெர்சி ஒன்றை மடித்து இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினார். நான் வாங்கப் போனேன். அவர் கை சட்டென்று பின்வாங்கியது. குனிந்து பார்த்தால் நீட்டியிருப்பது காவாக் கை.

நல்ல காரியத்துக்கு ஒன்று கொடுக்கும்போது இந்தக் கையா நீட்டுவது, பழக்கவழக்கம் தெரியாத பிள்ளையை எப்படி ஜில்லாவுக்கு அனுப்புவது என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் தெலுங்கில் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி. எனக்குக் கை மாற்றக்கூடத் தோன்றவில்லை, பந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது கூட்டத்திலிருந்து நைனா வந்தார். என் தலையில் ஒரு தட்டு தட்டி மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நன்றாகத் தெலுங்கு பேசக்கூடிய மனிதர், அந்த நேரத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது.

"அந்தக் கை ஆடனதுக்குத்தான சார் இத்த குடுக்கறீங்கோ. அந்தக் கையே வாங்கிக்கட்டும்."

சொல்லிவிட்டு, பின்வாங்கப் போன என் இடது மணிக்கட்டைப் பிடித்து அங்கேயே நிறுத்தினார். பெரியவர் நைனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவர் முதலில் சிரித்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். ஜெர்சி என் இடது கைக்கு வந்து சேர்ந்தது.

ரமாதேவியின் பெயர் வரவில்லை. வருமென்று அவளும் நினைக்கவில்லை, ஆனாலும் பஸ் நிலையத்தில் அவள் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நைனா எங்கள் இரண்டு பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். தன்னுடையதை முடித்துவிட்டு, கோச்சுக்குத் தட்சணை என்று என்னுடையதிலும் பாதியைத் தின்ற பிறகு அவள் முகம் தெளிந்தது. மாநிலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே நாங்கள் தோற்றுத் திரும்பினோம்; நான் பெரிய ஆட்டக்காரி ஆகவில்லை, ஆனால் பந்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ரமாதேவி இப்போது நாயுடுபேட்டையில் இருக்கிறாள். போனில் என் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள், அவர்கள் செய்யும் தப்பை அங்கிருந்தே கண்டுபிடித்துச் சொல்வாள்.

போன மாதம் சித்தூர் போயிருந்தேன். யூனிட் கை மாறிவிட்டது. முற்றத்துக்கு மேல் கூரை போட்டு, தரையைத் தோண்டிச் சமமாக்கி டைல்ஸ் பதித்து, காவாவை மூடி உள்ளே குழாய் விட்டுவிட்டார்கள். டின் கொட்டகைச் சுவரில் வளையம் இருந்த இடத்தில் துருப்பிடித்த போல்ட்டுகள்கூட இல்லை, புதுச் சுண்ணாம்பு. சுவரிலிருந்த இரும்புக் கதவையும் அடைத்துவிட்டார்கள். எனக்குப் பெரிதாக வருத்தமில்லை. அந்த ஈக்களை யார் தேடப்போகிறார்கள்.

நைனாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சட்டத்தை நிறுத்தவில்லை. கடைக்காரருக்கும் கண்டக்டருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இன்றுவரை வலது கைதான், யாராவது மாற்றி நீட்டினால் கண்ணைத் தொலைவில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். நான் போய் உட்கார்ந்ததும் அம்மா டீ போட்டாள், அதை வாங்கி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவர் நைனா. தம்ளரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு நீட்டினார். நானும் இடது கையால் வாங்கிக்கொண்டேன். அந்தத் திருப்பதி சாயங்காலத்திலிருந்து எனக்கு மட்டும் அவர் அப்படித்தான் கொடுக்கிறார்.